படிப்பு முடியும் முன்னே உடம்பு முடங்கினால் கல்விக்கடனை என்ன செய்வது? மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

2021 நவம்பரில் செக்கானூரணிப் பக்கம் ஸ்கூட்டி சரிந்து என் தங்கைக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது. மாடு ஒன்று குறுக்கே வந்துவிட்டது, வேறு வண்டி எதுவும் இல்லை. இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. அப்போது அவள் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். கல்விக்கடன் 3,60,000 ரூபாய். அவளோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவர் எங்கள் அப்பா. உசிலம்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடனை முடித்து வெளியே வர எங்களுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் ஆனது. அதில் பாதிக்கு மேல், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் அலைந்ததில் போன காலம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கசப்பான உண்மை. கடன் வாங்கிய மாணவர் மாற்றுத்திறனாளி ஆகிவிட்டால் கல்விக்கடன் தானாகவே தள்ளுபடி ஆகும் என்று நம் நாட்டில் சட்டம் கிடையாது. யூடியூபில் பார்த்துவிட்டுச் சிலர் உண்டு என்பார்கள். அது அமெரிக்கக் கதை. அங்கே மத்திய அரசு கொடுக்கும் கல்விக்கடனுக்கு, முழுமையாகவும் நிரந்தரமாகவும் உழைக்க முடியாதவர் என்று சான்று தந்தால் கடனை ரத்து செய்யும் விதி உண்டு. நம் ஊர்ப் பிள்ளை அமெரிக்காவில் படித்திருந்தாலும், கடன் இங்குள்ள வங்கியில் வாங்கியது என்றால் அந்த விதி உதவாது. தேர்தல் வரும்போதெல்லாம் எழும் தள்ளுபடிப் பேச்சை நம்பிக் காத்திருப்பதும் வேண்டாம். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறும்.

ஆனால் வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். இன்சூரன்ஸ், வட்டி மானியம், செட்டில்மென்ட் (குறைத்துப் பேசிய தொகையைக் கட்டிக் கடனை முடிப்பது), லோக் அதாலத் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) என்று நாலு பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனைக் கரைக்க முடியும். மேனேஜர் முன்னால் அழுது நின்றபோது எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. காகிதத்தோடு போனபோது நடந்தது.

வங்கிக்குப் போகும் முன் பாஸ்புக்கைப் புரட்டுங்கள்

எல்லாரும் கடைசியில் நினைப்பதை முதலில் செய்யச் சொல்கிறேன். பிள்ளையின் பெயரில் இருக்கும் எல்லா சேமிப்புக் கணக்குகளின் பாஸ்புக்கையும் எடுங்கள். மே கடைசி, ஜூன் ஆரம்பம் பக்கங்களைப் பாருங்கள். 20 ரூபாய் ஒன்று கழிந்திருக்கிறதா? 2022 ஜூனுக்கு முன்னால் என்றால் அது 12 ரூபாய். அதுதான் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 18 வயதிலிருந்து 70 வயது வரை உள்ளவர்களுக்கான விபத்துக் காப்பீடு. ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை செல்லும். விபத்தில் இரண்டு கைகளோ இரண்டு கால்களோ செயலிழந்தாலும், இரண்டு கண் பார்வையும் போனாலும் 2 லட்சம். ஒரு கையோ, ஒரு காலோ, ஒரு கண் பார்வையோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். நோயால் வந்த பாதிப்புக்கு இது கிடைக்காது.

தங்கையின் பாஸ்புக்கில் அந்த வரியைக் கண்டுபிடித்தது என் அம்மா. மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, "இந்தப் பன்னெண்டு ரூவா எதுக்குய்யா எடுத்திருக்கான்?" என்று கேட்டார். பி.எம்.எஸ்.பி.ஒய். என்று மங்கலாக அச்சாகியிருந்தது. கல்லூரியில் கணக்குத் தொடங்கியபோது கொடுத்த படிவத்தில் அவள் டிக் போட்டிருக்கிறாள், அவளுக்கே நினைவில்லை. கடைசியில் கடனை முடித்தது அந்தப் பணம்தான்.

இதற்கு உடனே, கணக்கு இருக்கும் கிளையில் எழுத்தில் தகவல் கொடுங்கள். ஊனச் சான்று வரட்டும் என்று காத்திருந்தால் தாமதம் என்று திருப்பிவிடுவார்கள். எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று போட்ட ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் சேகரித்து வையுங்கள். தனியாக விழுந்த விபத்துதானே என்று போலீசுக்குப் போகாமல் விடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பின்னால் படாத பாடு படுவீர்கள்.

அடுத்து, கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை முதல் நாளிலிருந்து கேட்டு வாங்குங்கள். அதில் ஆரம்பத்திலேயே பிரீமியம் என்று ஒரு தொகை கழிந்திருந்தால், கடனோடு சேர்த்து ஒரு காப்பீடும் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பல பாலிசிகள் இறப்புக்கு மட்டுமே பணம் தரும். சிலவற்றில் விபத்தால் வரும் நிரந்தர முழு ஊனமும் சேர்த்தி. பாலிசிப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் படித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். கிளையில் வாய்ச்சொல்லாகச் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பொதுத்துறை வங்கி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில், கடன் ஒப்பந்த நகலும் பாலிசி நகலும் கேட்கலாம். கல்லூரியிலும் மாணவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கலாம், அலுவலகத்தில் விசாரியுங்கள். காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

வேறு வண்டி மோதிய விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனுவும் உண்டு. 2022 ஏப்ரல் முதல், 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

சான்றிதழ்

ஸ்வாவலம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்திலும் செய்து கொடுப்பார்கள். மதுரையில் பரிசோதனைக்குப் பெரும்பாலும் பெரியாஸ்பத்திரிக்குத்தான், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கும். முகாம் எப்போது, எந்த நாளில் எந்தத் துறை டாக்டர் பார்ப்பார் என்பதை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் நாங்கள் உசிலம்பட்டியிலிருந்து வேன் பிடித்து அவளைத் தூக்கிக்கொண்டு போய், டாக்டர் அன்று இல்லை என்று திரும்பினோம். வேன் வாடகை போனது போகட்டும், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சான்றில் இரண்டு விஷயத்தை அங்கேயே படித்துப் பாருங்கள். ஒன்று சதவீதம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். இரண்டாவது, தற்காலிகமா நிரந்தரமா என்ற வரி. காப்பீட்டுக்காரர்களும் வங்கியும் முதலில் தேடுவது "நிரந்தரம்" என்ற சொல்லைத்தான். சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கும்போது போனால் தற்காலிகம் என்று எழுதி, மறுபரிசோதனைத் தேதி போட்டுவிடுவார்கள். ஸ்கேன், எம்.ஆர்.ஐ., டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் அசலாகக் கொண்டுபோங்கள்.

அங்கே சொல்லும் சதவீதம் உடம்பின் பாதிப்பைத்தான் காட்டும், சம்பாதிக்கும் திறனைக் காட்டாது. அதனால் சிகிச்சை பார்த்த டாக்டரிடம், இவரால் படிப்பைத் தொடர முடியுமா, வேலை செய்ய முடியுமா என்று தனியாக ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் செட்டில்மென்ட் பேசும்போது எங்களுக்கு யு.டி.ஐ.டி. அட்டையைவிட அந்த ஒரு பக்கக் கடிதம்தான் அதிகம் உதவியது.

மாநில அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய்க்கும் இதே அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்தப் பணம் வரும் கணக்கு, கடன் வாங்கிய வங்கியில் இருக்க வேண்டாம். ஒரே வங்கியில் கடனும் சேமிப்பும் இருந்தால், பாக்கிக்காகச் சேமிப்பிலிருந்து வங்கி எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. வேறு வங்கியிலோ தபால் ஆபீசிலோ புதுக் கணக்குத் தொடங்கி அதைக் கொடுங்கள்.

பாதியில் நின்ற படிப்புக்கும் வட்டி மானியம் உண்டு

இதைச் சொல்ல யாருமே இல்லாமல் போனதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டால் அந்த மானியம் போய்விடும் என்பது விதி. ஆனால் மருத்துவக் காரணத்தால் விட்டவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்குரிய ஆதாரங்களைக் கல்லூரி முதல்வர் ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே கல்லூரிக்குப் போய், உடல்நிலை காரணமாகப் படிப்பு நின்றது என்று முதல்வர் கையெழுத்துடன் கடிதம் வாங்கி, வங்கியில் கொடுங்கள். டி.சி.யில் "இடைநிற்றல்" என்று மொட்டையாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து மறுபடியும் போய்க் கடிதம் வாங்கினோம். அதன் பிறகு வட்டியில் ஒரு பகுதி குறைந்தது.

வங்கியில் என்ன கேட்பது

தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதற்கு முன்பே கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. மேனேஜர் மாறிவிடுவார், அவர் சொன்ன ஆறுதலும் அவரோடு போய்விடும். எங்கள் கிளையில் மூன்று பேர் மாறினார்கள். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

"தயவுசெய்து உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால் பதிலே வராது. நாங்கள் இரண்டாம் தடவை எழுதியது ஏறக்குறைய இப்படி:

"எனது கல்விக்கடன் கணக்கு எண் இது. இந்தத் தேதியில் நடந்த விபத்தில் நிரந்தர ஊனம் அடைந்துள்ளேன்; சான்று இணைத்துள்ளேன். எனக்கு வருமானம் இல்லை. கடனில் இணைந்துள்ள என் தந்தையின் வருமானச் சான்றும் இணைத்துள்ளேன். அ) இந்தக் கடனுக்குக் காப்பீடு உள்ளதா என்பதையும், ஆ) மருத்துவக் காரணத்தால் படிப்பு நின்றதால் வட்டி மானியத்தைத் தொடர முடியுமா என்பதையும், இ) என் நிலைக்கு ஏற்ற ஒரே தவணைச் செட்டில்மென்ட் தொகையையும் எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன்."

வருங்காலத்தில் கொஞ்சமாவது சம்பாதிக்க முடியும் என்றால் (இ)யில் செட்டில்மென்ட் கேட்க வேண்டாம்; தவணைக் காலத்தை நீட்டவும், சில மாதங்களுக்குத் தவணையைத் தள்ளிவைக்கவும் கேளுங்கள். செட்டில்மென்ட் ஆன கணக்கு, சிபில் என்னும் கடன் வரலாற்று அறிக்கையில் "செட்டில்டு" என்றுதான் பதிவாகும். நாளை ஒரு தொழில் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். சமரசமாக முடித்தவருக்கு அதே வங்கி மறுபடி கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாதம் பொறுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் சொல்லியிருக்கிறது.

இங்கே இரண்டு விஷயங்களில் பலர் ஏமாறுகிறார்கள். "ரைட் ஆஃப் ஆகிவிட்டது" என்று வங்கியிலோ சிபிலிலோ பார்த்தால் கடன் ஒழிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சரிசெய்துகொண்டது, அவ்வளவுதான். வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கும். அதேபோல, 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதியிலிருந்து வங்கிக்கு 75 சதவீதம் கிடைக்கக்கூடும். அதனாலும் உங்கள் கடன் தீராது.

30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே கட்டணமின்றிப் புகார் செய்யலாம். உதவி எண் 14448. குறைதீர்ப்பாளர் கடனைத் தள்ளுபடி செய்யமாட்டார். ஆனால் கேட்ட நகலைத் தராதது, மானியத்தைக் கவனிக்காமல் விட்டது, வசூல் ஆட்களின் தொல்லை போன்றவற்றுக்குப் பலன் உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுங்கள். அந்த மனு, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்குப் போனால் கிளையில் ஃபைலைத் தேடி எடுப்பார்கள்.

மிரட்டினால்

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி அசிங்கப்படுத்துவதும் கூடாது. தேதி, நேரம், எண் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

"வீட்டை ஜப்தி செய்வோம்" என்றால் பயப்படாதீர்கள். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்காத கடனுக்குக் கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்காமல் யாரும் வீட்டில் கை வைக்க முடியாது. கடன் கட்டாததற்காகப் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகாது. வழக்குப் போட வங்கிக்குப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. அந்தக் கெடு முடியும் நேரத்தில் "சும்மா ஒரு கையெழுத்து" என்று பாக்கியை ஒப்புக்கொள்ளும் காகிதத்தை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடும். வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

மஞ்ச நோட்டீஸ் கொடுத்துவிடலாமே என்று சொந்தக்காரர்கள் யோசனை சொல்வார்கள். திவால் மனு பிள்ளையை வேண்டுமானால் விடுவிக்கும், உடன் கையெழுத்துப் போட்ட தகப்பனை விடுவிக்காது.

இலவச வக்கீலும் லோக் அதாலத்தும்

மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் யு.டி.ஐ.டி. நகலோடு ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்க்காரர்கள் அந்தந்த ஊர்க் கோர்ட்டிலேயே வட்டக் குழுவைப் பார்க்கலாம். போனில் என்றால் 15100. மனவளர்ச்சிக் குறைபாடோ மூளை முடக்குவாதமோ உள்ள, தாமே கையெழுத்திட முடியாதவர்களுக்குக் கலெக்டர் தலைமையிலான குழு வழியாகச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனம் வாங்க வேண்டியிருக்கும். அதையும் இந்த வக்கீலிடமே கேளுங்கள்.

வழக்குப் போடும் முன்பே வங்கி லோக் அதாலத்துக்கு நோட்டீஸ் அனுப்பும். அந்த நோட்டீசைக் கண்டு எங்கள் அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது சமரசம் பேசும் அழைப்புத்தான். நோட்டீஸ் வராவிட்டாலும் நீங்களே சட்டப் பணிகள் அலுவலகத்தில் மனுக் கொடுத்து வங்கியை அழைக்கச் செய்யலாம்.

2024 செப்டம்பரில் நாங்கள் போனோம். ஒரு ஹாலில் வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் நீதிபதி ஒருவர், பக்கத்தில் வக்கீல், எதிரே வங்கி ஆள். பாக்கி 4,10,000. வங்கியிலிருந்து வந்தவர் 3 லட்சத்தில் ஆரம்பித்தார். அப்பா பேசவில்லை. தங்கைதான் சக்கர நாற்காலியிலிருந்து டாக்டர் கடிதத்தையும் அப்பாவின் வருமானச் சான்றையும் எடுத்து மேசைமேல் வைத்து, "என் கையில் இருப்பது இன்சூரன்ஸ் பணம் 2 லட்சம் மட்டும்தான் சார். இன்றைக்கு முடிப்பதாக இருந்தால் 1,90,000 கட்டுகிறேன்" என்றாள். வங்கிக்காரர் வெளியே போய் மண்டல அலுவலகத்துக்குப் போன் செய்தார். முக்கால் மணி நேரம் கழித்து வந்து சரி என்றார்.

கையில் உள்ள தொகையை, உடனே கட்டுவேன் என்று சொல்லிக் கேட்டால்தான் குறைப்பார்கள். பத்துத் தவணை கேட்டால் குறைப்பும் சிறுத்துவிடும். அங்கே எழுதும் உத்தரவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. அதனால் கையெழுத்துக்கு முன் முழுதும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தவணை தவறினாலும் முழு பாக்கியும் திரும்ப வரும் என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தேதிகளை உங்களால் காப்பாற்ற முடியுமா என்று யோசியுங்கள். தொகை கட்டுப்படியாகவில்லை என்றால் ஒத்துக்கொள்ளாமல் எழுந்து வரலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

பணம் கட்டிய பிறகு

நோ டியூ சர்டிபிகேட், அதாவது பாக்கி இல்லை என்ற சான்று, வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். சொத்துப் பத்திரம் அடமானம் வைத்திருந்தால், கடன் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி. இரண்டு மாதம் கழித்துச் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசம். பிள்ளை பெயரில் மட்டும் பார்க்காமல், உடன் கையெழுத்துப் போட்டவர் பெயரிலும் பாருங்கள்.

எங்களுக்குக் கொடுத்த நோ டியூவில் தங்கையின் பெயர் மட்டும்தான் இருந்தது. அப்பாவின் பெயர் விட்டுப்போயிருந்தது. உசிலம்பட்டி பஸ் ஏறிய பிறகுதான் அதைக் கவனித்தோம். செக்கானூரணியில் இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்து, கிளை மூடுவதற்குள் திரும்பப் போய் அவர் பெயரையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம்.